தனா வண்டியின் சைடு லாக்

பேய், ஆவி இதெல்லாம் எனக்கு ஆகாது. பயத்தினால் இல்லை, தொழிலினால். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். "ஏழாவது மாடியில தானா போய் நிக்குது சார், யாரோ ஏறுறாங்க" என்று அபார்ட்மெண்ட் செக்ரட்டரி வேர்த்துப்போய் போன் செய்வார், போய்க் கழற்றினால் கதவு கான்டாக்டில் ஒரு பல்லி செத்துக் கிடக்கும். லிஃப்ட் குழிக்குள் இதுவரை நான் பார்த்தது எலி, ஒற்றைச் செருப்பு, ஏகப்பட்ட மொபைல் போன், அப்புறம் ஒரு பல்செட். அந்தப் பல்செட்டைத் தவிர வேறெதுவும் இருட்டில் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அப்பேர்ப்பட்ட நான்தான் போன ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், நாலு மணி வெயிலில், ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்குள் ஓடி, நிலைப்படி தடுக்கி, முழங்கால் தேய விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே "காபி போடாத" என்று கத்தினேன். பயந்துபோனவன் சாமி பெயரைச் சொல்வான், அம்மா என்பான், இவன் என்ன காபியைச் சொல்கிறான் என்று நினைக்கிறீர்கள் இல்லையா, என் மனைவியும் அப்படித்தான் பார்த்தாள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் சௌகரியம்.

தனபால் என் மனைவி கோமதியின் தம்பி. தனா என்போம். அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கோமதிதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் நாற்பத்தொரு வயதிலும் அவன்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை. பெங்களூர் பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கி, ஒரு கார்மெண்ட்ஸில் தையல் மெஷின் மெக்கானிக். கல்யாணம் வேண்டாம் என்று காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால் ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துக்குள் அவனுடைய கறுப்பு பைக் நுழையும், ஹேண்டிலில் கறிப் பை தொங்கும், காவேரித் தண்ணி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்துவான். வேறெங்கும் நிறுத்தமாட்டான். சைடு லாக்கும் போடமாட்டான். "அக்கா வீட்டு வாசல்ல எவன் மாமா எடுத்துகினு போவான்" என்பான்.

சைடு லாக் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹேண்டிலை முழுசாக இடது பக்கம் ஒடித்து, சாவியை அமுக்கித் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு விரல் கனத்துக் கம்பி வந்து ஓட்டையில் விழும். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி கழுத்தைத் திருப்பாது.

தனா வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டு சாவியில் ஒன்றைத் தொலைத்துவிடுவேன் என்று எங்களிடம் தந்திருந்தான். அது என் கையில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று அவனுக்கு அப்போது தெரியாது. ஒரு ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அவன் கிளம்ப, "அதுக்குள்ள போறானே" என்று கோமதி முணுமுணுக்க, நான் நைசாகப் போய் அவன் வண்டிக்கு சைடு லாக் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி திரும்பி வந்து பேப்பர் படித்தேன். வாசலில் இருந்து சத்தம் வந்தது.

"மாமா, இது உன் வேலதானே?"

"எதுடா?"

"வண்டி கழுத்து சுளுக்கிகினு நிக்குது."

"உங்கக்கா காபி குடிச்சா சரியாப் போயிடும்டா."

அவன் சாவியைப் போட்டால் ஒரு நொடியில் திறந்துகொள்ளும். ஆனால் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து இன்னொரு காபி குடித்துவிட்டுத்தான் போனான். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. கோமதி எனக்குக் கண்ணைக் காட்டுவாள், நான் போய்ப் பூட்டுவேன், வண்டி பூட்டியிருந்தால் அக்கா கூப்பிடுகிறாள் என்று அர்த்தம், தனா திரும்பி வருவான், மூன்று டம்ளர் காபி. அதற்குப் பழிவாங்க அவனுக்கும் ஒரு வழி இருந்தது. போகும்போது என் ஸ்கூட்டரின் வலது பக்கக் கண்ணாடியை வானத்தைப் பார்க்கிற மாதிரி மேலே திருப்பிவிட்டுப் போவான். திங்கட்கிழமை காலை காக்ஸ் டவுன் சிக்னலில் பின்னால் பஸ் வருகிறதா என்று பார்ப்பேன், கண்ணாடிக்குள் மேகம் போய்க்கொண்டிருக்கும். ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரிப்பேன். பக்கத்து வண்டிக்காரன் கொஞ்சம் தள்ளி நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டு என்னுடையது, திங்கட்கிழமை கண்ணாடி அவனுடையது. பதினோரு வருஷம் இப்படியே ஓடியது.

இனிமேல் சொல்வதில்தான் என் வண்டவாளம் இருக்கிறது.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. சாப்பாட்டு நேரத்தில் கோமதி பெண் பார்க்கிற பேச்சை எடுத்தாள். அவன் வழக்கம்போலச் சிரித்து மழுப்பினான். இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரலன்னா இங்க சோத்துக்கு வராதடா" என்றாள். அவன், "அப்ப இன்னிக்கே ரெண்டு நாளைக்கு சேத்து சாப்பிட்டுக்கறேன்" என்று இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டான். நாலு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு கிளம்ப ஆயத்தமானான். கோமதி சமையலறையிலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினாள். திட்டியதற்குச் சமாதானமாக ஒரு காபி கொடுக்க நினைத்தாள் பாவம்.

டிவியில் கிரிக்கெட். கடைசி ஓவர், மூன்று பந்து பாக்கி. நான் எழுந்தேன், செருப்பை மாட்டினேன், வாசல் வரை போனேன், உள்ளே கூட்டம் கத்துகிற சத்தம் கேட்டது, அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். "போட்டாச்சா?" என்று கேட்டாள். "போட்டாச்சு" என்றேன். இவ்வளவுதான் நான் செய்தது. மூன்று பந்துக்காக ஒரு பொய்.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கோமதி கையில் காபிப் பாத்திரத்தோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். சந்து முனையில் அவன் திரும்பிக்கொண்டிருந்தான். "பூட்டத் திறந்துட்டு போயிட்டானேங்க" என்றாள். "கோவம் போல." அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம், தனாவையும் வைத்துக்கொண்டு சொன்னால் மூன்று பேரும் சிரிக்கலாம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது டம்ளர் காபியை அவள் தொட்டியில் ஊற்றினாள்.

ஐந்தரை மணிக்கு போன் வந்தது. ஓசூர் ரோட்டில், அவன் அறைக்குக் கொஞ்சம் முன்னால், வண்டியை ஓரமாக ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு ஆட்டோக்காரர்தான் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஆட்டோக்காரர் சாவியைப் பத்திரமாக வைத்திருந்து என் கையில் கொடுத்தார்.

எங்கள் வீட்டுப் பக்கத்திலும் ஒரு ஆஸ்பத்திரி உண்டு, ஐந்து நிமிஷம், அவன் காபிக்கு உட்கார்ந்திருந்தால் அங்கே கொண்டுபோயிருக்கலாம். இதை நான் கோமதியிடம் சொன்னதில்லை. அவளும் ஒருபோதும் சொன்னதில்லை. அவள் சொன்னதெல்லாம் வேறு. பால் தெளித்த அன்று, பதினாறாம் நாள், அதற்குப் பிறகு எத்தனையோ நாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, திடீரென்று சொல்வாள்: "கூப்பிட்டும் வரலியேங்க. சோத்துக்கு வராதன்னு சொல்லிட்டேன்ல, அந்தக் கோவத்தோடயே போயிட்டான்." நான் தலையை ஆட்டுவேன். ஊரையே கிண்டல் செய்கிற வாய் இது, அந்த நேரத்தில் மட்டும் திறக்காது. சொன்னால் தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் தாங்கமாட்டாதவன் யார் என்று உங்களுக்குப் புரியும். துக்கம் முடிந்து முதல்முறை ஸ்கூட்டரை எடுத்தபோது வலது கண்ணாடி நேராக இருந்தது. பூட்டவில்லை, அதனால் அவன் திருப்பவில்லை. வேறு சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பைக்கை எங்கள் வாசலிலேயே, அதே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள் கோமதி. விற்கக்கூடாது, ஓட்டவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் மட்டும் செய்து வைத்தால் போதும். எங்கள் சந்தில் அப்போது இரண்டு வண்டி திருடு போயிருந்தது. அதனால் ராத்திரி படுக்கும் முன், "சைடு லாக் போட்டீங்களா?" என்று கேட்பாள். போடலாம் என்று போனேன். விழவில்லை.

சாவி அமுங்குகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. பாதி வரை வந்து நின்றுவிடுகிறது. மறுபக்கத்திலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி என்று அப்போது தோன்றவில்லை, தூசி என்றுதான் தோன்றியது. ஹேண்டிலை லேசாக ஆட்டி ஆட்டித் திருப்பினேன், சில வண்டிக்கு நூலிழை தள்ளினால்தான் கம்பிக்கு ஓட்டை கிடைக்கும். கிடைக்கவில்லை. துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே அடித்தேன். பென்சில் கரியைத் தூளாக்கி ஊதினேன், பாதி என் மூக்குக்குள் போனது. ஹேண்டில் முழுசாக ஒடியாமல் ஏதாவது வயர் தடுக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். லிஃப்டில் கதவுப் பூட்டு கச்சிதமாக விழுந்தால்தான் பெட்டி நகரும், அதைச் சரிசெய்தே சோறு தின்கிறவன் நான், ஒரு பைக் பூட்டு என்னைப் பார்த்துப் பல்லிளித்தது.

வேறு வழியில்லாமல் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டினேன். கோமதி பார்த்துவிட்டு, "நாய கட்டி வெச்ச மாதிரி கீது, எடுங்க" என்றாள். எடுத்தேன். அன்றிரவு அவள் மூன்று முறை எழுந்து போய் ஜன்னலில் பார்த்தாள். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அவள் தூக்கம் அந்தப் பூட்டில் மாட்டிக்கொண்டது.

நவாஸ் பாயிடம் கொண்டுபோனேன். தெரு முனைக்கு அப்பால் ஷெட் வைத்திருக்கிறவர், என் ஸ்கூட்டரையும் அவர்தான் பார்க்கிறார். சாவியை வாங்கினார், ஹேண்டிலை ஒடித்தார், டக். திறந்தார், மறுபடி டக். பத்து முறை போட்டுக் காட்டினார்.

"அரே அண்ணா, வண்டி ஏகதம் ஃபஸ்ட் கிளாஸா கீது. சர்வீஸ் உங்களுக்குத்தான் வேணும்."

நானும் போட்டேன். அங்கே எனக்கும் விழுந்தது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்தினேன். விழவில்லை. சந்து முனைக்குத் தள்ளிப் போனேன், விழுந்தது. பேக்கரி வாசலில் விழுந்தது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை. தரை சரிவு என்று முடிவு செய்து, லிஃப்ட் தண்டவாளத்துக்கு வைக்கிற ரசமட்டத்தைக் கொண்டுவந்து, சந்தில் குப்புறப் படுத்து அளந்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், "அண்ணா, பைக்குக்கு லிஃப்ட் வெக்கறீங்களா?" என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் அதற்கு நான் நாலு பதில் சொல்லியிருப்பேன்.

மறுபடி போனபோது நவாஸ் பாய் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார். "இந்த சாவி தேஞ்சிருக்கும். இன்னொண்ணு இருக்கும்ல, அத போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல பாய். தொலைஞ்சு போச்சு."

தொலையவில்லை. என் ஷேவிங் டப்பாவுக்குள், பழைய பிளேடு உறைக்கு அடியில் இருந்தது. பதினோரு வருஷம் விளையாடிய சாவி. அந்த மாசி ஞாயிறுக்குப் பிறகு அதைத் தொடவில்லை. வெளியே எடுத்தால் கோமதி கண்ணில் படும், அன்றைய பேச்சு வரும். எந்தப் பழுதானாலும் முதலில் செய்யவேண்டியது மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்ப்பது. புதுசாக வேலைக்குச் சேர்கிற பையன்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். எட்டு மாதமாக அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்கு வண்டிகளைப் பார்க்கவேண்டுமே, சைக்கிள்கூட மாப்பிள்ளை மாதிரி மாலை போட்டுக்கொண்டு நிற்கும், பூசணிக்காய் உடைத்த குங்குமச் சிவப்பில் ரோடே வழுக்கும். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது, அதனால் எங்கள் வாசலில் பைக்கும் ஸ்கூட்டரும் மட்டும் மொட்டையாக நின்றன. கோமதி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வெளியே போனாள். எலுமிச்சம்பழம். முன்சக்கரத்துக்குக் கீழே வைக்கக் குனிந்தாள், வைக்காமல் நிமிர்ந்தாள், எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்ககிட்ட ஒரு சாவி இருந்துச்சே. அத போட்டுப் பாத்தீங்களா?"

"அது எங்க போச்சோ தெரியலம்மா."

"தேடுங்களேன். அவன் தொட்ட சாவி, நீங்க தொட்ட சாவி, ரெண்டுதானே. எந்தச் சாவிக்குப் பூட்டிக்கணும்னு அதுக்குத் தெரியாம நிக்குது."

அவள் வேறு எந்த அர்த்தத்திலும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் ஷேவிங் டப்பாவைத் திறக்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சந்தில் வண்டிகளின் மாலையெல்லாம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு மணி இருக்கும். கோமதி சமையலறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது, எழுந்து போய் ஷேவிங் டப்பாவைத் திறந்தேன், சாவியை எடுத்தேன், செருப்பை மாட்டினேன், இந்த முறை வாசலோடு நிற்காமல் வண்டி வரை போனேன். ஹேண்டிலை ஒடித்தேன். சாவியைப் போட்டு அமுக்கினேன். வெண்ணெயில் கத்தி போவதுபோல் திரும்பியது.

டக்.

சத்தம் சந்து முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. ஹேண்டிலை ஆட்டினேன், அசையவில்லை, நன்றாகவே விழுந்திருந்தது. சந்தோஷத்தில் திறந்து மறுபடி போடலாம் என்று சாவியைத் திருப்பினால், திரும்பவில்லை. உருவினேன், வந்தது. திரும்பப் போட்டேன், திரும்பவில்லை. சரி, சாவிதான் ஏதோ வம்பு செய்கிறது என்று நிமிர்ந்தபோது, பக்கத்தில் யாரோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நான் பேசுவதற்காகக் காத்திருப்பது மாதிரி இருந்தது. யாரும் இல்லை. நான் எதையும் பார்க்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். இங்கே ஒருவர் நின்று "மாமா" என்று ஆரம்பிப்பார், அதற்கு நான் பதில் சொல்லவேண்டும் என்று மட்டும் உடம்புக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் இருட்டுக் குழியில் இறங்கியவன், ஐம்பது கிலோ டூல் பையோடு பதினான்கு மாடி ஏறியவன், வெயிலில் நின்ற ஒரு பைக்கைப் பார்த்து ஓட்டம் பிடித்தேன். ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. அது என்னைவிடத் தைரியசாலி.

அப்படித்தான் விழுந்து, "காபி போடாத" என்று கத்தினேன். ஏனென்றால் விழுந்த இடத்திலிருந்தே உள்ளே அடுப்பில் பால் ஏறியிருப்பது தெரிந்தது, பூட்டியதோடு காபியும் போட்டால் அவன் உள்ளே வந்துவிடுவான்.

கோமதி முறத்தோடு அப்படியே நின்றிருந்தாள். மேடையில் மூன்று டம்ளர்.

"இன்னா மூணு?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "சத்தம் கேட்டுச்சுங்க. கை தானா எடுத்துடுச்சு."

முழங்காலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. கையில் அந்தச் சாவி இருந்தது, அவள் அதைப் பார்த்துவிட்டாள். இனி எந்தப் பொய்யும் எனக்குக் கிடைக்கவில்லை.

"அன்னிக்கு நான் பூட்டல கோமு."

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"செருப்ப போட்டுகினு போனீங்களே."

"வாசல் வரைக்கும்தான் போனேன். மேட்ச்சு. மூணு பாலு இருந்துச்சு. போட்டேன்னு சொல்லிட்டேன்."

பால் பொங்கியது. அவள் அணைக்கவில்லை. நான்தான் நொண்டிக்கொண்டு போய் அணைத்தேன்.

"அப்ப அவன் பூட்டத் திறந்துட்டு போகல."

"இல்ல."

"நான் கூப்புட்டது அவனுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாது."

"கோவமா போகல" என்றாள். அதை என்னிடம் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள். சாவன்று அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அது வேறு. இது ரொம்ப நாள் சுமந்த குடத்தை இறக்கி வைத்தவள் அழுகிற மாதிரி இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எட்டு மாசம். தெனம் தெனம் சொல்லி அழுதேன். எட்டு மாசம் பாத்துகினு இருந்தியா நீ?"

கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் அவள் என்னை 'நீ' என்றது அன்றைக்குத்தான். 

எழுந்து, மிச்சமிருந்த பாலில் காபி போட்டாள். மூன்று டம்ளரிலும் ஊற்றினாள். ஒன்றை என் முன்னால் ணங்கென்று வைத்தாள், ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். கதவுக்கு வெளியே கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

பைக்கின் ஹேண்டில் நேராக இருந்தது. பூட்டு திறந்திருந்தது.

"இன்னிக்காவது பூட்டினியா?" என்றாள். மறுபடியும் பொய்யா என்கிற பார்வை அது. அப்புறம் அவளுக்கே அந்தச் சத்தம் ஞாபகம் வந்திருக்கவேண்டும், முகம் மாறியது. தனாவின் சாவி அவன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, ஓடிப் போய்ப் பார்த்தேன். இன்னொன்று என் கையில். இரண்டும் வீட்டுக்குள். கோமதி மீட்டர் பெட்டியின் மேல் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கம்பி முழுசாக விழாமல் ஸ்ப்ரிங் வெளியே தள்ளியிருக்கும் என்றார் நவாஸ் பாய். இருக்கலாம். நானே மெக்கானிக், எனக்கும் அது தெரியும். ஆனால் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற வண்டி, பூட்டு திறந்தால் ஹேண்டில் இடது பக்கமே விழுந்து கிடக்கும். தானாக நேராகாது. யாராவது பிடித்து நிமிர்த்தவேண்டும். இதை நான் அவரிடம் சொன்னேன், "சாய் குடிங்க அண்ணா" என்று பேச்சை மாற்றிவிட்டார். அன்றிலிருந்து பூட்டு அதே இடத்தில், எந்தச் சாவிக்கும், கூப்பிட்ட குரலுக்கு வருகிற மாதிரி விழுகிறது. கோமதி என்னோடு பேசப் பத்தொன்பது நாள் ஆயிற்று. ஆனால் அன்றிரவு முதல் ஜன்னலுக்கு எழுந்து போகவில்லை, விடியும்வரை தூங்கினாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஸ்ப்ரிங் என்றே சொல்லிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் சோறு கட்டித் தந்தாள், பேசவில்லை. முழங்காலில் பிளாஸ்திரியோடு ஸ்கூட்டரை எடுத்தேன். காக்ஸ் டவுன் சிக்னலில் நின்றேன். பின்னால் பஸ் வருகிறதா என்று வலது பக்கம் பார்த்தேன். கண்ணாடிக்குள் மேகம் போய்க்கொண்டிருந்தது.

பச்சை விழுந்தது, நான் நகரவில்லை. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் வந்து கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் ஸார், மேலிந்த பஸ் பர்த்தா இதியா?" மேலேயிருந்தா பஸ் வருகிறது என்று கேட்கிறார். நான் அடிக்கவேண்டிய ஜோக்கை அவர் அடித்துவிட்டார். ஹெல்மெட்டைத் திறந்தேன், என் முகத்தைப் பார்த்ததும் அவர் வண்டியைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளி விட்டார்.

சந்தில் போகிறவர்கள் இடித்திருக்கலாம் என்பீர்கள். இடித்தால் கண்ணாடி உள்பக்கம் மடங்கும், வானத்தைப் பார்க்காது. அந்த நட்டை முந்தின சனிக்கிழமைதான் நானே ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்தேன்.

அதை நான் இன்னும் நேராக்கவில்லை. சர்வீஸுக்கு விடும்போது, "அதத் தொடாதீங்க பாய்" என்று சொல்லித்தான் விடுகிறேன். கோமதி ஸ்கூட்டரைத் துடைக்கும்போது அந்தக் கண்ணாடியை மட்டும் அப்படியே வைத்துத் துடைக்கிறாள், அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போய்ப் பூட்டிவிட்டு வருகிறேன். நேராக்கி வைத்துப் பார்க்கலாம்தான், அடுத்த திங்கட்கிழமை தெரிந்துவிடும். எனக்குத் தைரியம் இல்லை. மேலே திரும்பியிருந்தால் என்ன செய்வது என்று பயம் இல்லை, நேராகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான். அதனால் வலது பக்கம் திரும்புகிறபோதெல்லாம் கழுத்தை ஒடித்துத்தான் பின்னால் பார்க்கிறேன்.